அன்னை ரமாபாய்: தியாகம் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் தாய்

நவீன மராத்திய வரலாற்றில் ரமாபாய் என்ற பெயரோடு மூன்று பெண்கள் நினைக்கப்படுகிறார்கள். முதலாமவர் பண்டித ரமாபாய். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, சமஸ்கிருதம் பயின்று, கிறித்தவம் தழுவி, கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்தவர். இரண்டாமவர் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் துணைவியார் ரமாபாய் ரானடே. சேவா சதன் அமைப்பின் வழியே பெண் கல்விக்கு உழைத்தவர். இவ்விருவரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிவைத்தார்கள். மூன்றாமவர் அண்ணல் அம்பேத்கரின் துணைவியார் ரமாபாய். அவர் எழுதிவைத்தது எதுவும் நம்மிடம் இல்லை. கணவர் எழுதிய கடிதங்கள், தனஞ்செய் கீர் எழுதிய அம்பேத்கர் வரலாறு, உடன் வாழ்ந்தவர்களின் நினைவுகள், மராத்தியச் சேரிகளில் இன்றும் பாடப்படும் பீம் பாடல்கள் ஆகியவற்றின் ஊடாகவே அவரை அறிகிறோம்.

எழுதும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு இந்த மூன்று பெயர்களே போதுமான சான்று. தானாகப் பேச வாய்ப்பில்லாத ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும்போது, ஒரே சொல்லில் அவரை அடக்கிவிடுவது எளிதாகிறது. ரமாபாயைப் பொறுத்தவரை அந்தச் சொல் தியாகம். ஒவ்வோர் ஆண்டும் மே 27 அன்று அவரது படத்துக்கு மாலையிட்டுத் தியாகத் தாய் என்று போற்றுகிறோம். போற்றுதலில் பிழையில்லை. ஆனால் தியாகம் என்பது, கொடுக்கவும் மறுக்கவும் உரிமையுள்ளவர் மனமுவந்து கொடுப்பது. ரமாபாயின் வாழ்வில் பெரும்பகுதி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. பறித்தது யார், எதைக் கொண்டு பறித்தது என்று கேட்காமல் தியாகம் என்று மட்டும் சொன்னால், சாதியின் குற்றம் ஒரு தாயின் நற்குணமாக உருமாறிவிடுகிறது.

மீன்கூடை சுமந்தவரின் மகள்

கொங்கணக் கடற்கரையை ஒட்டிய தாபோலிக்கு அருகில் உள்ள வணந்த் என்னும் சிற்றூரில், ஒரு மகர் குடும்பத்தில் ரமாபாய் பிறந்தார். 1898 பிப்ரவரி 7 அவரது பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. தந்தை பிக்கு துத்ரே தாபோல் துறைமுகத்தில் மீன்கூடை சுமக்கும் கூலி. தாய் ருக்மிணி. சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, புதுப்பட்டினம் எனக் கடலை ஒட்டி வாழும் நம்மவர்க்கு அந்த உழைப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து வரும் செல்வம் கரையில் கைமாறும்போது, சுமப்பவருக்கு அன்றைய கூலி மட்டுமே மிஞ்சும்.

முதலில் தாய் இறந்தார். சில காலத்தில் தந்தையும் இறந்தார். ரமாபாயையும் உடன்பிறந்தவர்களையும் உறவினர்கள் பம்பாய்க்கு அழைத்துச் சென்று பைகுல்லா பகுதியில் வைத்து வளர்த்தார்கள். கொங்கணத்து ஊர்களிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் பம்பாயின் ஆலைகளையும் துறைமுகத்தையும் நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஊரின் சேரியிலிருந்து நகரத்தின் சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அவர்கள் இடம் மாறினார்கள். சாதியும் உடன் வந்தது.

1906ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது. மணமகனுக்கு 15 வயது, மணமகள் ஒன்பதைக்கூட நிறைவுசெய்யாத சிறுமி. மண்டபம் அமர்த்த வசதியில்லை. பைகுல்லா சந்தை இரவில் அடங்கிய பிறகு, கடைகளின் கல்மேடைகளே உறவினர்க்கு இருக்கைகளாயின. ஒரு பக்கம் மணமகன் வீட்டார், மறுபக்கம் மணமகள் வீட்டார். காலடியில் சந்தையின் கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. குழந்தை மணத்தைக் கட்டுப்படுத்தும் சாரதா சட்டம் வருவதற்கு இன்னும் 23 ஆண்டுகள் இருந்தன. பின்னாளில் மணமுறிவுக்கும் பெண்ணின் சொத்துரிமைக்கும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நடத்திச் சென்ற சட்ட அமைச்சரின் இல்லறம், சட்டத்தின் காவல் ஏதுமற்ற சிறுமி ஒருத்தியோடு சந்தையில் தொடங்கியது என்பதை வரலாற்று மாணவர்கள் மறக்கலாகாது.

கடல் கடந்த படிப்பும் கரையில் இருந்த குடும்பமும்

மாமனார் ராம்ஜி சக்பால் ஓய்வுபெற்ற இராணுவ சுபேதார், கபீர் பந்த் மரபைப் பின்பற்றியவர். குடும்பம் பரேல் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தது. 1912 டிசம்பரில் முதல் மகன் யஷ்வந்த் பிறந்தார். 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி மறைந்தார். அதே ஆண்டின் நடுவில், பரோடா மன்னர் வழங்கிய மாதம் 11.50 பவுண்டு உதவித்தொகையுடன் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். கைக்குழந்தையோடு நின்ற ரமாபாய்க்கு அப்போது 15 வயது.

உயர்கல்விக்கு ஒரு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் வீட்டிலிருப்பவர்களே செலுத்துகிறார்கள். வசதி படைத்த சாதிக் குடும்பத்தில் ஒரு மகன் கடல் கடந்து படிக்கப் போனால், நிலமும் வாடகையும் உறவினரின் சம்பளமும் வீட்டைத் தாங்கும். பரேலில் தாங்குவதற்கு எதுவும் இல்லை. அம்பேத்கர் தம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார், ஆயினும் அது போதவில்லை. ரமாபாய் கணவரின் உடன்பிறந்தோர் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்ந்தார். சாணம் திரட்டி வறட்டி தட்டிப் பிழைத்த நாட்களைப் பற்றி அவரை அறிந்தோர் சொல்லிச் சென்றிருக்கிறார்கள். படிப்பாளி ஒருவரின் மனைவி சாணம் பொறுக்குவதா என்ற அக்கம்பக்கத்தாரின் ஏளனத்தையும் அவர் தாங்கினார் என்பர்.

1917இல் அம்பேத்கர் திரும்பினார். பரோடாவில் உயர்பதவியில் அமர்ந்தும் தங்க ஓர் அறை கிடைக்காமல் அவர் வெளியேற நேர்ந்ததை நாம் அறிவோம். அந்த அவமானத்தைத் தலைவரின் வரலாற்று அத்தியாயமாகவே படிக்கிறோம். அடுப்பெரியக் காத்திருந்த வீட்டுக்கு அது வராமற்போன ஒரு சம்பளம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1918 இறுதியில் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. கிடைத்த சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்கும் மறுபகுதி லண்டன் பயணத்துக்குமாகப் பிரிக்கப்பட்டது. 1920இல் அவர் மீண்டும் கடல் கடந்தார். 1923 வரை ரமாபாய் மீண்டும் தனியே குடும்பத்தைச் சுமந்தார்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் எழுதப்பட்ட ஆய்வேடுகளில் நிதியமும் நாணயமும் ஆராயப்பட்டன. அந்த ஆய்வேடுகள் முடிவதற்கு ஊதியமில்லாத உழைப்பைத் தந்தவர்களில் முதன்மையானவர் ரமாபாய். அதற்குரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

நான்கு குழந்தைகள்

அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன. யஷ்வந்த், ரமேஷ், கங்காதர், இந்து, ராஜரத்னா. இவர்களில் யஷ்வந்த் மட்டுமே பெரியவராக வளர்ந்தார். மற்ற நால்வரும் சிறு வயதிலேயே இறந்தார்கள். ஒரு குழந்தை இறந்தபோது மூடுவதற்குப் புதுத்துணி வாங்கக் காசில்லை என்றும், ரமாபாய் தம் சேலையிலிருந்து கிழித்துக் கொடுத்தார் என்றும் அக்குடும்பத்தைப் பற்றி வழங்கும் நினைவு கூறுகிறது. கடைசி மகன் ராஜரத்னா 1926 ஜூலையில் இறந்தான். அம்பேத்கர் தம் நண்பருக்கு எழுதிய கடிதம், மகனை இழந்த தகப்பனின் நொறுங்கிய மனத்தை இன்றும் காட்டுகிறது. ரமாபாயின் உடல்நிலை அதன் பிறகு தேறவேயில்லை.

இதைத் தனிப்பட்ட துயரமாக மட்டும் காண்பது போதாது. அம்பேத்கரே அவருடைய தாய் பீமாபாய் பெற்ற பதினான்காவது குழந்தை. அந்தப் பதினான்கில் வளர்ந்து நின்றவை ஐந்து. ஒரு தலைமுறையில் மாமியார் இழந்தார், அடுத்த தலைமுறையில் மருமகள் இழந்தார். பதினான்கில் ஒன்பது, ஐந்தில் நான்கு. இதை விதி என்று சொல்லி முடித்துவிட முடியாது. நெருக்கமான அறை, தூய்மையற்ற நீர், பேறுகாலத்திலும் ஓயாத வேலை, போதிய உணவின்மை, கைக்கெட்டாத மருத்துவம் ஆகியவை சேர்ந்து குழந்தைகளைக் கொல்லும். இவை ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டது சாதி.

1927இல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினரானார். ராஜரத்னா இறந்து இரண்டாண்டுகள் கழித்து, 1928 ஜூலையில், ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்கான மகப்பேறு நல மசோதா அவையில் வந்தது. அதை ஆதரித்து அவர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளி அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்றும், அரசுக்கும் பெரும் பொறுப்பு உண்டு என்றும் அவர் வாதிட்டார். 1929இல் பம்பாய் மகப்பேறு நலச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம் அது. 1938இல் அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் ரோஹம், கருத்தடை வசதிகளை அரசு மக்களுக்கு வழங்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அது தோற்றது. தொடர் பேறுகளால் பெண்ணின் உடல் சிதைவதை அவையில் பேசத் துணிந்தவர்கள் அன்று மிகச் சிலரே.

ரமாபாய்க்காகத்தான் இச்சட்டங்கள் வந்தன என்று சொல்வதற்கில்லை. சட்டம் இயக்கங்களின் அழுத்தத்தால் வருகிறது. ஆனால் அவையில் அன்று எழுந்து பேசியவருக்கு, பேறுகாலத்தில் ஓய்வற்ற தாயின் உடலுக்கு என்ன நேரும் என்பது அறிக்கைகளில் படித்த செய்தி அன்று. அது பரேல் குடியிருப்பின் சிறு அறையில் அவர் கண்டது.

பண்டரிபுரத்தின் வாசல்

ரமாபாய் பக்தி மிக்கவர். நோன்பிருந்தார், கணவரின் நலனுக்காக வேண்டினார். பண்டரிபுரம் சென்று விட்டலரைத் தரிசிக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். அம்பேத்கர் மறுத்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் அக்கோயிலுக்குள் நுழைய முடியாது, வாசலுக்கு வெளியே நின்றே வணங்க வேண்டும். தம் மனைவி அப்படி நிற்பதை அவர் ஏற்கவில்லை. நம் அறத்தாலும் தொண்டாலும் நமக்கென வேறொரு பண்டரிபுரத்தை உருவாக்குவோம் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்.

இந்த நிகழ்வைப் பகுத்தறிவாளரான கணவர், மூடநம்பிக்கையில் மூழ்கிய மனைவி என்று சிலர் வாசிக்கிறார்கள். அது மேம்போக்கான வாசிப்பு. பண்டரிபுரத்துக்கு ஏங்கிய மகர் பெண் ரமாபாய் ஒருவர் மட்டுமில்லை. 14ஆம் நூற்றாண்டில் சோக்காமேளர் என்னும் மகர் சாதிப் புலவர் விட்டலரைப் பாடினார். அவர் துணைவியார் சொயராபாயும் பாடினார். தீட்டு என்பது எங்கிருந்து வருகிறது என்று கடவுளிடமே கேட்டார்கள். சோக்காமேளரின் நினைவிடம் இன்றும் கோயிலின் படிக்கட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. நம் மண்ணில் ஆதனூர் நந்தனாரை நினைத்தால் இது புரியும். திருப்புன்கூரில் நந்தி விலகியதாகப் புராணம் சொல்கிறது. தில்லையிலோ அவர் தீயில் மூழ்கி வேறு உடலோடு எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது. அடியவரின் அன்பைப் போற்றிய மரபு, அவரது உடலை வாசலில் நிறுத்தியது.

ஆகவே ரமாபாயின் விருப்பத்தை வெறும் பக்தியாகக் கொள்ளாமல் ஓர் உரிமைக் கோரிக்கையாகவும் காணலாம். எல்லாத் தாயும் போகும் இடத்துக்குத் தானும் போக வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்வளவே. மகத் குளத்தில் 1927இல் நீர் அருந்தியதும், நாசிக் காலாராம் கோயில் வாசலில் 1930இல் தொடங்கிய போராட்டமும் கேட்டது அதையே. பண்டரிபுரக் கோயில் 1947இல், சானே குருஜியின் உண்ணாநோன்புக்குப் பிறகுதான் நம் மக்களுக்குத் திறந்தது. ரமாபாய் மறைந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வளையல்களும் விடுதிப் பிள்ளைகளும்

ரமாபாயின் பொதுவாழ்வு மேடையில் நிகழவில்லை. உடல்நலம் கருதி அவர் சில காலம் தார்வாடில், ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான விடுதியை நடத்திய வராலேயின் குடும்பத்தோடு தங்கினார். அரசின் உதவித்தொகை வராமல் விடுதியில் தானியம் தீர்ந்தபோது, தம் தங்க வளையல்களைக் கழற்றிக் கொடுத்துப் பிள்ளைகளுக்கு உணவளிக்கச் சொன்னார் என்பது அங்கிருந்தோர் வழியே வந்த செய்தி. நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்தவர், பிறர் பெற்ற பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்திருக்க மறுத்தார். ரமாயி, அதாவது ரமா அம்மா என்று மராத்திய மக்கள் அவரை அழைப்பதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

விடுதி, உதவித்தொகை, தாமதம், பட்டினி. இந்த வரிசை இன்றைய ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்குப் புதிதன்று. அரசு தர வேண்டியதை ஒரு தாயின் வளையல் ஈடுகட்டிய கதையை நாம் நெகிழ்ச்சியோடு சொல்கிறோம். நெகிழ்வதோடு, அந்த உதவித்தொகை ஏன் உரிய நாளில் வரவில்லை என்றும் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ராஜகிருகமும் இறுதி நாட்களும்

1930களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் எழுந்தது. புத்தகங்களுக்காகக் கட்டப்பட்ட வீடு என்று அதைச் சொல்வார்கள். பரேலின் சிறு அறையிலிருந்து அங்கு சென்றபோது ரமாபாயின் உடல் நலிந்திருந்தது. வட்டமேசை மாநாடுகள், பூனா ஒப்பந்தத்தின் கொந்தளிப்பு, கணவரின் உயிருக்கு வந்த மிரட்டல்கள் என அந்த ஆண்டுகள் முழுவதும் அவருக்கு அச்சத்தின் ஆண்டுகள். நெடுநாள் நோயின் முடிவில் 1935 மே 27 அன்று அவர் மறைந்தார். வயது 37. இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். மனைவியின் நம்பிக்கையை மதித்து, அவர் ஏற்றிருந்த முறைப்படியே அம்பேத்கர் சடங்குகளைச் செய்தார். தலையை மழித்துக்கொண்டு சில காலம் ஒதுங்கியிருந்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று யேவலாவில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்ற முடிவை அவர் அறிவித்தார். இரண்டுக்கும் இடையே ஐந்து மாதங்கள்கூட இல்லை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூற ஆதாரமில்லை. காலாராம் கோயில் போராட்டத்தின் கசப்பான அனுபவமே அவ்வறிவிப்புக்கு வெளிப்படையான பின்னணி. ஆயினும், வாசலில் நிற்கவேண்டிய கோயிலுக்காக ஏங்கி ஏங்கியே இறந்த ஒருத்தியின் நினைவு அந்த மேடையில் அவரோடு இருந்திராது என்று எண்ணுவது கடினம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்கள் பௌத்தம் ஏற்றார்கள். அந்தத் தீட்சா பூமி இன்று வாசலில் யாரையும் நிறுத்தாத யாத்திரைத் தலம். வேறொரு பண்டரிபுரம் என்ற வாக்கு ஒருவகையில் அங்கே நிறைவேறியது.

பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அம்பேத்கர் ராமு என்று அழைத்த அவருக்கே காணிக்கையாக்கினார். தம்மோடு துன்பத்தைப் பகிர்ந்துகொண்ட அவரது மன உறுதியை அதில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பெயர் தாங்கிய குடியிருப்பு

மும்பையின் காட்கோபரில் ரமாபாயின் பெயரால் ஒரு தலித் குடியிருப்பு உண்டு. 1997 ஜூலை 11 அன்று அங்கிருந்த அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது காவல் துறை சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். ரமாபாய் நகர் என்ற பெயர் இந்தியாவின் மனித உரிமை வழக்குகளில் இடம்பெற்றது இப்படித்தான். தாயின் பெயரைச் சூட்டிக்கொண்ட குடியிருப்பிலும் தாய்மார்கள் பிள்ளைகளைப் புதைக்க நேர்ந்தது.

1928இல் தொடங்கிய சட்டத்தின் கதையும் இன்னும் முடியவில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017இன் திருத்தத்துக்குப் பிறகு 26 வார ஊதிய விடுப்பை வழங்கியது. ஆனால் கடைகளிலும் நிறுவனங்களிலும் பத்துப் பேராவது பணிபுரிந்தால்தான் அது பொருந்தும். பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருக்கவும் வேண்டும். அச்சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த எல்லைகளை மாற்றவில்லை. அணுபுரத்திலும் கல்பாக்கத்திலும் வீடு துடைக்கும் பெண்ணுக்கும், செங்கல்பட்டு வயல்களில் நாற்று நடும் பெண்ணுக்கும், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பணிப்பதிவு அழியும் தூய்மைப் பணியாளருக்கும் அந்த 26 வாரம் எட்டாத தொலைவில் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது அரசின் நிதியுதவித் திட்டம் மட்டுமே. உதவி வேறு, உரிமை வேறு. உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்லலாம். உதவி தாமதமானால் மனு கொடுத்துக் காத்திருக்கத்தான் முடியும்.

ரமாபாயை நினைவுகூரும் கூட்டங்களில் இனி இந்தக் கணக்கையும் எடுக்க வேண்டும். நம் பகுதியில் எத்தனை பெண்கள் பேறுகாலத்தில் ஊதியம் இழந்தார்கள், எத்தனை விடுதிகளில் உதவித்தொகை தாமதமாகிறது, எந்தக் கோயில் வாசலில் நம் தாய்மார்கள் இன்னும் நிறுத்தப்படுகிறார்கள் என்று கல்லூரி மாணவர்கள் ஊர்தோறும் கேட்டுப் பதிவுசெய்யலாம். அந்தப் பதிவுகள் தகவல் உரிமை மனுக்களாகவும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார்களாகவும், தொழிலாளர் துறைக்கு முறையீடுகளாகவும் மாறும். தாம் எழுதாமல் போன வாழ்க்கையை ரமாபாயின் பேத்திகள் தங்கள் கையால் எழுதத் தொடங்கினால், வரும் மே 27க்கு மாலையோடு கொண்டுசெல்ல நம்மிடம் ஒரு கோரிக்கை மனுவும் இருக்கும்.